ஒரு சாண் ஒயர்

மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் ஒன்பது வருஷம் கம்ப்ரசர் ஆபரேட்டராக இருந்தேன். ஐஸ் கம்பெனி என்றதும் வெளியூர்க்காரர்கள் குளுகுளு அறையை நினைத்துக்கொள்வார்கள். கம்ப்ரசர் ரூமில் பத்து நிமிஷம் நின்றால் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். ஐஸை உறைய வைப்பது அமோனியா. கம்ப்ரசர் அதை அழுத்திக் கன்டென்சருக்கு அனுப்பும். அங்கே குழாய் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்போம், உள்ளே வாயு திரவமாகும். அந்தத் திரவம் உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் ஓடும் குழாய்களில் மறுபடி ஆவியாகும்போது சுற்றியிருக்கிற சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். தொட்டியில் இறக்கி வைத்த கேன்களில் தண்ணீர் பார் பாராக உறையும். விசைப்படகு கடலுக்குப் போகிற நாளில் அந்த பார்களுக்காக விடியற்காலையிலிருந்தே வாசலில் வண்டிகள் நிற்கும்.

அமோனியா கொஞ்சம் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். நிறையக் கசிந்தால் கண்ணையும் நெஞ்சையும் கருக்கிவிடும். அதனால் காவல் மூன்று அடுக்கு. முதலாவது, கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆபரேட்டர். இரண்டாவது, சுவரில் ஒரு சின்னப் பெட்டி: பிரஷர் கட்-அவுட். அழுத்தம் அளவைத் தாண்டினால் மோட்டாரைத் தானே நிறுத்திவிடும். அதுவும் தவறினால் மூன்றாவதாக சேஃப்டி வால்வ். அது திறந்து, வாயுவை ஒரு குழாய் வழியாகக் கூரைக்கு மேலே விட்டுவிடும்.

ஒரு சித்திரை மாதம் அந்தக் கட்-அவுட் ராத்திரிக்கு மூன்று தடவை, நான்கு தடவை விழுந்து மோட்டாரை நிறுத்த ஆரம்பித்தது. எங்கள் தண்ணீர் உப்பு. கன்டென்சர் குழாயில் உப்புப் படிந்து சூடு இறங்கவில்லை, அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. கட்-அவுட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் அது ஒவ்வொரு தடவை விழும்போதும் ஐஸ் உறைவது தள்ளிப்போகும், வாசலில் படகுக்காரர்கள் கத்துவார்கள். ஒரு நாள் நடுராத்திரி எலெக்ட்ரீசியன் பெட்டியைத் திறந்து, இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே ஒரு சாண் நீளத்துக்கு சிவப்பு ஒயரை வைத்து முறுக்கினார். "டைரக்ட் போட்டாச்சு தம்பி. காலையில எடுத்துருவோம்" என்றார். டார்ச் பிடித்தவன் நான். அந்த ஒயர் கார்த்திகை வரைக்கும் அங்கேயே இருந்தது.

கார்த்திகையில் ஒரு ராத்திரி. நான் வெளியே பார் எண்ணிக்கொண்டிருந்தேன். கன்டென்சருக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப்பின் ஃபியூஸ் போய்விட்டது, எனக்குத் தெரியாது. உள்ளே முள் ஏறியிருக்கிறது. கட்-அவுட் விழவில்லை, அந்த ஒயர் இருக்கிறவரை விழ முடியாது. கடைசியில் சேஃப்டி வால்வ் திறந்தது. பிரஷர் குக்கர் விசிலைப் போல நூறு மடங்கு சத்தம். வாயு கூரைக்கு மேலே போயிருக்க வேண்டும். குழாயின் முழங்கை துருப்பிடித்து ஓட்டையாகி எத்தனை மாதமாயிற்றோ, ரூமுக்குள்ளேயே கொட்டியது. வால்வ் அதற்கு முன்னால் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை என்பதால் அந்தக் குழாயை யாரும் ஏறிப் பார்த்ததும் இல்லை. ஈரத் துண்டை மூஞ்சியில் சுற்றிக்கொண்டு ஓடி வெளி மெயினை இறக்கினோம். லோடு ஏற்றுகிற இரண்டு பேர் கண் தெரியாமல் தடுமாறி விழுந்தார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரி. கம்பெனிக்கு மேற்கே உடைமரக் காடு, கிழக்கே வீடுகள். அன்றைக்கு வாடைக்காற்று. எல்லாவற்றையும் காட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. அதே சம்பவம் மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் நான் தூங்கிய ராத்திரி குறைவு.

மறுநாள் முதலாளி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சேஃப்டி வால்வ் வேலை செஞ்சிருச்சுல்ல தம்பி? அப்புறம் என்ன?"

நோட்டில் நான் எழுதியது: "பராமரிப்பின்போது சிறு கசிவு. சரி செய்யப்பட்டது."

பல வருஷம் கழித்து, 2022 மார்ச்சில் ஒரு நாள், டீக்கடையில் பேப்பரைப் புரட்டும்போது அந்த வாக்கியம் திரும்ப வந்தது. மார்ச் 9ஆம் தேதி இந்தியாவிலிருந்து ஒரு ஏவுகணை தவறுதலாகப் பாய்ந்து பாகிஸ்தானின் மியான் சன்னு என்ற ஊர்ப்பக்கம் விழுந்திருக்கிறது. வெடிபொருள் இல்லை, உயிர்ச்சேதம் இல்லை. இரண்டு நாள் கழித்து நம் பாதுகாப்பு அமைச்சகம் ஓர் அறிக்கை விட்டது: வழக்கமான பராமரிப்பின்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறால் தவறுதலாக ஏவப்பட்டுவிட்டது என்று. கையில் கிளாஸோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆகஸ்டில் விமானப்படை அது பிரமோஸ் ஏவுகணை என்று சொன்னது. நடைமுறை விதிகளிலிருந்து விலகியதாக மூன்று அதிகாரிகளை வேலையைவிட்டு நீக்கியது. ஒலியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் போகக்கூடியது, தங்கள் எல்லைக்குள் 124 கிலோமீட்டர் வந்தது என்று பாகிஸ்தான் சொன்னது. இரண்டு நாட்டிடமும் அணுகுண்டு இருக்கிறது. வருகிறது வெறும் ஓடா, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று தரையில் நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? யோசிக்க அவனுக்குக் கிடைத்தது சில நிமிஷங்கள்.

அன்றிலிருந்துதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்கிறேன். நான் விஞ்ஞானி இல்லை. ஆனால் வால்வ், சுவிட்ச், ஃபியூஸ், ஷிஃப்ட் மாறும் நேரத்துச் சோர்வு, இதெல்லாம் எனக்குத் தெரியும். அணுகுண்டு விபத்துகளைப் படிக்கப் படிக்க, அதற்குள்ளும் இதேதான் இருக்கிறது.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே 1950க்கும் 1980க்கும் நடுவில் 32 அணு ஆயுத விபத்துகளை ஒப்புக்கொண்டிருக்கிறது. அதில் என்னை அதிகம் தூங்கவிடாதது 1961 ஜனவரி 24. வட கரோலினாவில் கோல்ட்ஸ்போரோ என்ற ஊருக்கு மேலே ஒரு பி-52 குண்டுவீச்சு விமானம். இறக்கையில் எரிபொருள் கசிந்து, ஆகாயத்திலேயே உடைந்தது. எட்டுப் பேரில் மூன்று பேர் இறந்தார்கள். உள்ளே இருந்த இரண்டு ஹைட்ரஜன் குண்டுகளும் விழுந்தன. ஒவ்வொன்றும் ஹிரோஷிமாவில் போட்டதைப் போல சுமார் 250 மடங்கு.

இரண்டில் ஒன்று பாராசூட் விரிந்து, மரத்தில் மாட்டி, மூக்கு மண்ணில் குத்தி நின்றது. விமானம் உடைந்த வேகத்தில், குண்டைப் பிடித்திருந்த ஊசிகள் உருவப்பட்டன. போர்க்காலத்தில் விமானி பொத்தானை அழுத்திப் போட்டிருந்தால் எந்த வரிசையில் உருவப்படுமோ ஏறக்குறைய அப்படியே. குண்டுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நம்மைப் போட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு, பாராசூட்டை விரித்து, ஒவ்வொரு கட்டமாகத் தன்னைத் தயார்செய்துகொண்டே இறங்கியது. தரையைத் தொட்டபோது வெடிப்பதற்கான சமிக்ஞையும் போயிருக்கிறது. நான்கு பாதுகாப்புக் கருவிகளில் மூன்று உதவவில்லை. மிச்சம் ஒரே ஒரு சுவிட்ச், சாதாரணக் குறைந்த மின்னழுத்த சுவிட்ச், "பாதுகாப்பு" என்ற பக்கத்திலேயே நின்றிருந்தது. அமெரிக்க அணு ஆயுத ஆய்வுக்கூடமான சாண்டியாவில் ஆயுதப் பாதுகாப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பார்க்கர் ஜோன்ஸ் 1969இல் இதை எழுதி வைத்தார். உடைகிறபோது எங்காவது ஒயரோடு ஒயர் பட்டு ஷார்ட் ஆகியிருந்தால் அந்த சுவிட்சும் கைகொடுத்திருக்காது என்பது அவருடைய கணிப்பு. அந்தத் தாள் 2013இல்தான் வெளியே வந்தது.

அதுவரைக்கும் ஊருக்குச் சொன்னது என்ன? குண்டு வெடிக்கவில்லை, பாதுகாப்பு ஏற்பாடுகள் வேலை செய்தன. என் முதலாளி சொன்ன அதே வார்த்தை. பொய்யென்றும் சொல்ல முடியாது. வால்வ் திறந்தது உண்மை, சுவிட்ச் நின்றது உண்மை. ஆனால் நூலிழையில் தப்பிய ஒன்றை "பார், எவ்வளவு பத்திரமாக இருக்கிறது" என்று காட்டும்போது அடுத்த விபத்துக்கு அங்கேயே அஸ்திவாரம் போடுகிறோம். எங்கள் கம்பெனியில் அதற்கப்புறம் குழாயின் முழங்கையை மாற்றினார்கள். கன்டென்சரில் உப்பு படிந்தபடியே இருந்தது.

உப்பைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு ரொம்ப நாள் கழித்துப் புரிந்தது இது. மூன்று அடுக்குக் காவல் என்றால், ஒன்று தவற நூற்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்தால், மூன்றும் சேர்ந்து தவறப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்று கணக்குப் போடுவார்கள். காகிதத்தில் சரி. எங்கள் ரூமில் கன்டென்சரை அடைத்தது உப்பு. அதனால்தான் கட்-அவுட்டுக்கு ஒயர் போட்டோம். வால்வ் குழாயைத் தின்றது உப்புக்காற்று. பம்ப் ஃபியூஸின் பித்தளைக் கவ்வியைப் பச்சையாக்கியதும் அதே உப்புக்காற்று. மூன்று காவலாளிகள் என்று நம்பிக்கொண்டிருந்தோம், மூன்று பேருக்கும் ஒரே சாப்பாட்டில் விஷம். கோல்ட்ஸ்போரோவிலும் அப்படித்தான், விமானம் உடைந்த அந்த ஒரே நிகழ்ச்சி பல பூட்டுகளைச் சேர்த்துத் திறந்துவிட்டது.

இரண்டாவது குண்டு பாராசூட் விரியாமல் சதுப்பு வயலில் புதைந்தது. அதன் ஒரு பகுதி யுரேனியத்தோடு இன்னும் மண்ணுக்குள்ளேதான் இருக்கிறது. தோண்டத் தோண்ட ஊற்று வந்ததால் விட்டுவிட்டார்கள். அந்த நிலத்தில் பயிர் வைக்கலாம், ஐந்தடிக்குக் கீழே தோண்டக்கூடாது.

அடுத்தது ஆர்கன்சாஸில் டமாஸ்கஸ். 1980 செப்டம்பர் 18 சாயங்காலம். பூமிக்குள் ஆழமான கிணறு, அதற்குள் டைட்டன் 2 ஏவுகணை, அதன் தலையில் 9 மெகாடன் குண்டு. பராமரிப்பு ஆட்கள் மேடையில் நின்று ஒரு மூடியைக் கழற்ற வேண்டும். அந்த வேலைக்கு டார்க் ரெஞ்ச் பயன்படுத்த வேண்டும் என்று விதி அப்போதுதான் மாறியிருந்தது. அது மேலே வண்டியிலேயே இருந்துவிட்டது. திரும்பப் போய் எடுத்து வர நேரமாகும், கையில் பழைய ராட்செட் இருக்கிறது, இத்தனை நாள் அதில்தானே செய்தோம் என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்பேனர் பிடித்த எவனும் இந்த இடத்தில் அந்தப் பையன்களைக் குறை சொல்ல மாட்டான். ராட்செட் முனையில் மாட்டியிருந்த இரும்பு சாக்கெட் கழன்று விழுந்தது. மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. மேடைக்கும் ஏவுகணைக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாக இருபது மீட்டருக்கு மேல் போய், கீழே மோதி எகிறி, எரிபொருள் தொட்டியைக் குத்தியது. மெல்லிய தகடு. எரிபொருள் பீய்ச்சியடிக்க ஆரம்பித்தது.

அப்புறம் எட்டு மணி நேரத்துக்கும் மேல் யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. நடைமுறைப் புத்தகத்தில் இதற்குப் பக்கமே கிடையாது. எத்தனையோ விபத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள், சாக்கெட் விழுந்து தொட்டி கிழிவதற்கு எழுதவில்லை. ராத்திரி இரண்டு பேரை உள்ளே அனுப்பிப் பார்த்தார்கள். விடியுமுன் மூன்று மணிவாக்கில் எல்லாம் வெடித்தது. கிணற்றை மூடியிருந்த 740 டன் கதவு தூக்கி எறியப்பட்டது. ஓர் ஆள் இறந்தார், இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். குண்டு பறந்துபோய் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அணு வெடிப்பு நிகழவில்லை.

கம்பெனியில் என் கையிலிருந்தும் ஸ்பேனர் விழுந்திருக்கிறது. உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் "குளுக்" என்று போகும், காந்தம் கட்டிக் கயிறு விட்டு எடுப்போம். இதைப் படித்த அன்றைக்கு அந்தச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

பாலோமாரஸ் கதையை நான் முதலில் சொன்னது என் அப்பாவிடம். அவர் நாற்பது வருஷம் பாம்பனில் கடல் தொழில் பார்த்தவர். 1966 ஜனவரி 17, ஸ்பெயின் நாட்டுத் தென்கிழக்குக் கரை. ஒரு பி-52 ஆகாயத்தில் எரிபொருள் நிரப்பும்போது நிரப்புகிற விமானத்தோடு மோதியது. இரண்டு விமானத்திலும் சேர்த்து ஏழு பேர் இறந்தார்கள். நான்கு ஹைட்ரஜன் குண்டுகள். மூன்று நிலத்தில் விழுந்தன. அவற்றில் இரண்டின் சாதாரண வெடிமருந்து வெடித்து, புளுட்டோனியத் தூசி தக்காளி வயல்களில் பரவியது. நான்காவது கடலில்.

பிரான்சிஸ்கோ சிமோ ஓர்ட்ஸ் என்ற மீனவர் அப்போது கடலில் இருந்தார். பாராசூட்டில் என்னவோ இறங்கி, படகுக்குத் தூரத்தில் முங்கியதைப் பார்த்தார். மனிதன் என்று நினைத்துப் போனார், அதற்குள் அது ஆழத்துக்குப் போய்விட்டது. எந்த இடம் என்று அவருக்குத் தெரியும்.

"எப்படித் தெரியும்னு கேக்குறாங்களாக்கும்?" என்றார் அப்பா. அவருக்கு அது கேள்வியே இல்லை. ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால், வலை கிழிக்கிற பாறை எங்கே, நண்டு விழுகிற பார் எங்கே என்பதெல்லாம் கரை அடையாளத்தில்தான். டிவி கோபுரத்துக்கு நேரே லைட்ஹவுஸ் எப்போது வருகிறது, பாலத்தின் எந்தத் தூண் எந்தத் தென்னந்தோப்பை மறைக்கிறது என்று இரண்டு கோடு பிடித்தால் கடலில் ஒரு புள்ளி கிடைக்கும். ராத்திரியில் அதே புள்ளிக்கு வந்து வலையை எடுப்பார்கள்.

அமெரிக்கக் கடற்படை கப்பல்களோடும் கணக்கு வல்லுநர்களோடும் வந்து தேடியது. மீனவர் காட்டிய இடத்தை முதலில் அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அந்தப் பக்கமே தேடினார்கள். ஆல்வின் என்ற சின்ன நீர்மூழ்கி மார்ச்சில் குண்டைக் கண்டது. தூக்கும்போது கயிறு அறுந்து மறுபடி கீழே போனது. ஏப்ரல் 7இல்தான் மேலே வந்தது, சுமார் 870 மீட்டர் ஆழத்திலிருந்து. அப்பாவின் கணக்கில் 475 பாகம், ஒரு பாகம் ஆறடி. எங்கள் வடகடலில் எட்டுப் பாகம் போனாலே ஆழம். தன் பங்குக்காக அந்த மீனவர் நியூயார்க் நீதிமன்றம் வரைக்கும் போனார் என்றதும் அப்பா, "கேட்டதுல தப்பில்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மண்ணு என்னாச்சு?" என்று கேட்டார். ஆயிரம் டன்னுக்கும் மேல் மண்ணையும் செடியையும் பீப்பாயில் அடைத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள், போக மிச்சம் இன்னும் அங்கேயே வேலிக்குள் இருக்கிறது என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

அந்தக் குண்டாவது கிடைத்தது. அதற்கு முந்தின மாதம், 1965 டிசம்பர் 5, டிகோண்டெரோகா என்ற போர்க்கப்பலின் தளத்திலிருந்து ஒரு விமானம், விமானியோடும் அணுகுண்டோடும் உருண்டு கடலில் விழுந்தது. எதுவும் கிடைக்கவில்லை. கரையிலிருந்து 500 மைல் தூரம் என்று முதலில் கணக்கு சொன்னார்கள். ஜப்பானியத் தீவுகளுக்கு 80 மைலில்தான் நடந்தது என்பது 1989இல் தெரிந்தது. அத்தனை வருஷமும் அந்தக் கடலில் வலை வீசியவர்கள் இருந்திருப்பார்கள்.

பாலோமாரஸுக்கு அப்புறம் நிறுத்தினார்களா? இல்லை. 24 மணி நேரமும் அணுகுண்டோடு விமானங்களை ஆகாயத்திலேயே சுற்ற வைக்கும் திட்டம் தொடர்ந்தது. அதில் ஒரு விமானத்தின் வேலை, கிரீன்லாந்தில் தூலே என்ற இடத்து ரேடாரைப் பார்த்துக்கொண்டே வட்டமடிப்பது. சோவியத் ஏவுகணை வந்தால் முன்கூட்டி எச்சரிக்கும் ரேடார் அது. ரேடாரை எதிரி அழித்துவிட்டானா, இல்லை வெறும் லைன் கட்டாகிவிட்டதா என்று நேரில் பார்த்துச் சொல்ல அந்த விமானம். அதாவது, தவறான எச்சரிக்கையால் யுத்தம் வந்துவிடக்கூடாது என்பதற்கான காவல். அந்தக் காவலனின் வயிற்றில் நான்கு ஹைட்ரஜன் குண்டு.

1968 ஜனவரி 21. உட்காருவதற்கான நுரை மெத்தைகளை யாரோ சூடான காற்று வருகிற துளைக்குப் பக்கத்தில், சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார்கள். தீப்பிடித்தது. விமானம் தளத்துக்குச் சில மைல் தள்ளிப் பனிக்கடலில் விழுந்து, வெடிமருந்து வெடித்து, புளுட்டோனியம் சிதறியது. ஸ்காட் சேகன் என்ற ஆய்வாளர் இதில் ஒரு கேள்வியைப் பிடித்தார், அது எனக்குக் குளிரெடுக்க வைத்தது. விமானம் அந்த ரேடார் மேலேயே விழுந்து, குண்டும் வெடித்திருந்தால்? ரேடார் பதில் சொல்லாது, பார்த்துச் சொல்ல வேண்டிய விமானமும் பதில் சொல்லாது. தலைமையகத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எதிரி அடித்துவிட்டான் என்பதைத் தவிர வேறு என்ன தோன்றும்? தவறான எச்சரிக்கையைத் தடுக்க வைத்த காவலே, உலகத்திலேயே நம்பகமான தவறான எச்சரிக்கையாக மாறியிருக்கும்.

சார்லஸ் பெரோ என்ற சமூகவியலாளர், 1979இல் திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்தைப் பார்த்த பிறகு, சிக்கலான, ஒன்றோடொன்று இறுகக் கட்டிய எந்திர அமைப்புகளில் இப்படிப்பட்ட விபத்து சகஜம் என்றார். நாம் கூட்டுகிற ஒவ்வொரு காவலும் அந்தச் சிக்கலோடு இன்னொரு பாகமாகச் சேர்கிறது. சேகன் அந்தப் பார்வையை அணு ஆயுதங்களுக்கு வைத்துப் பார்த்தார். 1962 அக்டோபரில், அமெரிக்காவும் சோவியத்தும் அணு யுத்தத்தின் விளிம்பில் நின்ற கியூபா நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது நடந்ததை அவர் தோண்டி எடுத்திருக்கிறார். அமெரிக்காவில் டூலூத் என்ற விமானப்படைத் தளத்தின் வேலியில் ஏறிய உருவத்தைக் காவலாளி சுட்டு, அபாய மணியை அடித்தார். பக்கத்து மாநிலத்தில் வோல்க் தளத்தில் ஒயரிங் தப்பாக இருந்ததால் அங்கே யுத்தத்துக்குப் புறப்படச் சொல்லும் மணி அடித்தது. அணு ஏவுகணை பொருத்திய விமானங்கள் ஓடுதளத்துக்கு வந்துவிட்டன. ஓர் அதிகாரி காரை விளக்கடித்துக்கொண்டே குறுக்கே ஓட்டி நிறுத்தினார். வேலி ஏறியது ஒரு கரடி.

எங்கள் கரையில் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற கதை ஒன்று உண்டு, எல்லோருக்கும் தெரிந்தது. 1964 டிசம்பர் 22 ராத்திரி, பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயில். ஊருக்குக் கொஞ்சம் முன்னால் சிக்னல் விளக்கு அணைந்து கிடந்தது. விளக்கு இல்லையென்றால் நிற்க வேண்டும், அதுதான் பத்திரம். டிரைவர் நின்றார், விசில் அடித்தார், காத்திருந்தார். கடைசியில் மெதுவாக நகர்த்தினார். நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலை இழுத்துக்கொண்டது. என் அப்பத்தாவின் தங்கச்சி குடும்பம் அன்று தனுஷ்கோடியில் இருந்தது. டிரைவர் நகர்த்தியது தப்பு என்று யாராவது பேசினால் அப்பத்தாவுக்குக் கோபம் வரும். "நின்னுருந்தா மட்டும் அலை விட்டுட்டுப் போயிருக்குமா?" என்பார். நில் என்கிற விதியை எழுதியவர்கள், நிற்கிற இடமே கடலாகும் என்று நினைத்து எழுதவில்லை.

அதற்குப் பிறகு பழைய பாம்பன் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கிற கருவி வைத்தார்கள். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்புக்குப் போய்விடும், ரயிலைப் பாலத்துக்குள்ளேயே விடாது. சின்ன வயதில் மண்டபம் ஸ்டேஷனில் மணிக்கணக்காகக் காத்திருந்து எரிச்சல்பட்டிருக்கிறேன். இப்போது அந்தக் காத்திருப்பின் மேல் எனக்கு மரியாதை. எவ்வளவு காற்றைத் தாங்குகிற மாதிரிப் பெட்டியைக் கட்டலாம் என்று அது யோசிக்கவில்லை. ரயிலையும் காற்றையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சேரவிடாமல் பார்த்துக்கொண்டது.

தூலேக்குப் பிறகு அமெரிக்கா கடைசியில் செய்ததும் அதுதான். குண்டோடு ஆகாயத்தில் சுற்றுவதை 1968இல் நிறுத்தினார்கள். அதற்கு முன்னால் எத்தனை பூட்டு, எத்தனை சரிபார்ப்புப் பட்டியல் போட்டும் விமானங்கள் விழுந்துகொண்டிருந்தன. தரையில் நிற்கிற விமானம் ஆகாயத்திலிருந்து விழாது.

நம் நாட்டைப் பற்றி எனக்கு உள்ள கவலையும் ஆசையும் இதில்தான் இருக்கிறது. கலாம் அய்யா எங்கள் ஊர்க்காரர். 1998 மே மாதம் போக்ரான் சேதி வந்தபோது ராமேஸ்வரத்தில் இனிப்புக் கொடுத்தார்கள், நானும் வாங்கிச் சாப்பிட்டேன். பேக்கரும்பு நினைவிடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஏவுகணை மாதிரிகளைக் காட்டியிருக்கிறேன். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு. முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று 2003இல் அரசு அறிவித்த கொள்கையும் பெருமைதான். பல காலம் நம்மிடம் குண்டு ஓரிடம், அதைச் சுமக்கிற ஏவுகணை வேறிடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள் என்பதே பொதுவான புரிதல். என் அறிவுக்கு எட்டியவரை அதைவிடப் பெரிய பாதுகாப்புக் கருவி இல்லை. சாக்கெட் விழுந்தாலும், ஒயர் ஷார்ட் ஆனாலும், ஒரு அதிகாரி விதியைத் தாண்டினாலும், நடுவில் தூரம் இருக்கிறது, நேரம் இருக்கிறது.

இப்போது அந்தத் தூரம் சுருங்குகிறது. அரிஹந்த் நீர்மூழ்கி தன் முதல் ரோந்தை முடித்ததாக 2018இல் பிரதமர் அறிவித்தார். அரிகாட் 2024இல் சேர்ந்தது. கடலுக்கடியில் ரோந்து போகிற கப்பலில் குண்டை ஓரிடத்திலும் ஏவுகணையை இன்னோரிடத்திலும் வைத்திருக்க வழியில்லை. அக்னி 5 மாதிரி குழாய்க்குள் அடைத்தே வைத்திருக்கும் ஏவுகணையிலும் அதே கேள்வி வருகிறது. ராணுவக் காரணங்கள் இருக்கலாம், அதை மறுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் பிரித்து வைத்திருந்ததைச் சேர்க்கும்போது, அதை ஈடுகட்ட வைக்கிற ஒவ்வொரு பூட்டையும் பராமரிக்க ஒரு ஆள் வேண்டும். அவனுக்கு ஷிஃப்ட் உண்டு. அவன் கையில் ஒயர் உண்டு. அவன் நோட்டில் என்ன எழுதுகிறான் என்பதை ஒளித்து வைக்காத ஏற்பாடு வேண்டும். ஒளித்து வைத்ததும் இங்கே நடந்திருக்கிறது: 1965இல் அமெரிக்க உளவுத்துறையும் நம்முடையதும் சேர்ந்து இமயமலையில் நந்தாதேவிச் சிகரத்துப் பக்கம் புளுட்டோனியத்தில் இயங்குகிற கருவியைக் கொண்டுபோய் வைத்து, அடுத்த வருஷம் போனால் காணோம். நாடாளுமன்றத்துக்கு மொரார்ஜி தேசாய் சொன்னது 1978இல்.

போன வருஷம் ஒரு நாள் பாம்பன் போயிருந்தேன். கொடிமரத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள். மீன்துறை கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கவில்லை. வானம் துடைத்து விட்ட மாதிரி இருந்தது, காற்றும் இல்லை. சம்மாட்டி ஒருவர், படகு முதலாளி, அதிகாரியிடம் கத்திக்கொண்டிருந்தார்: "ஐஸ் ஏத்தியாச்சு, டீசல் போட்டாச்சு, வானத்தப் பாருங்க சார்!" அதிகாரி சின்னப் பையன், முகம் சிவந்து, கூண்டை மட்டும் கையால் காட்டிக்கொண்டே நின்றான். டோக்கன் தரவில்லை.

சாயங்காலம் வரைக்கும் புயல் வரவில்லை. ராத்திரியும் வரவில்லை. நங்கூரத்தில் கட்டிக் கிடந்த படகுகளின் ஓரத்துத் துளையிலிருந்து, கரைந்த ஐஸ் தண்ணீர் நூல் நூலாகக் கடலுக்குள் விழுந்துகொண்டிருந்தது.